ஒருதலை ராகம் படத்துல நடிச்சவங்க எல்லாம் அப்புறம் என்ன ஆனாங்க?

கோடை வேன்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொடைக்கானல்ல டூரிஸ்ட் வேன் ஓட்டுறேன், வீடு நாயுடுபுரத்துல. சீசனுக்கு வர்ற ஆளுங்க எல்லாம் குணா குகை எங்க இருக்குன்னு தான் கேப்பாங்க, மஞ்சும்மல் பாய்ஸ் வந்ததுல இருந்து இன்னும் ஜாஸ்தி. ஆனா சமீபத்துல திருச்சூர்ல இருந்து வந்த ஒரு பெரியவரு குகையும் வேணாம் தூண்பாறையும் வேணாம், மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்கள் எடுத்த ஊரு இது, அந்த ரோடுங்கள்ல சும்மா ஓட்டிக்கிட்டே இருங்கன்னு சொல்லிட்டாரு. செண்பகனூர்ல டீக்கு நிறுத்துனப்ப செல்லுல அந்தப் படத்த காட்டுனாரு, மோகன்லாலுக்கு அதான் முதல் படம், வில்லன்னாரு, சரி ஹீரோ யாருன்னு பாத்தா நம்ம ஒருதலை ராகம் சங்கர்!

அப்பத்துல இருந்து மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. எங்க வீட்டுல கோடை எஃப்எம் 100.5 தான் எப்பவும் பாடும், அதுல வாசமில்லா மலரிது எத்தன தடவ கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. பாட்டு அத்தனையும் மனப்பாடம், ஆனா நடிச்சவங்கன்னு யோசிச்சா சந்திரசேகர தவிர ஒருத்தர் முகமும் சட்டுனு வர மாட்டேங்குது. ஒரு வருஷம் ஓடுனதா சொல்ற படம், அதுல ஹீரோவா நடிச்சவரு அடுத்த பத்து வருஷம் நம்ம ஊரு போஸ்டர்ல இருந்திருக்கணும்ல? ஏன் இல்ல? ஹீரோயின் ரூபா என்ன ஆனாங்க, வில்லனா வர்றவரு யாரு, மத்த பசங்க எங்க போனாங்க? தேடுனா துண்டு துண்டா தான் கெடைக்குது, தெரிஞ்சவங்க கோர்வையா சொல்லுங்கண்ணே, அந்த மாதிரி வர்றவங்க கிட்ட நானும் நாலு விசயம் சொல்லலாம்.


திண்டுக்கல் பழம்பாட்டு:

தம்பி, இதப் பத்தி பேசுறதுன்னா எனக்கு சோறு தண்ணி வேணாம். படம் வந்தது 1980 மே மாசம். கதை, வசனம், பாட்டு, இசை எல்லாம் டி. ராஜேந்தர், டைட்டில்ல தயாரிப்பு டைரக்சன் இ.எம். இப்ராகிம்னு வரும். ராஜேந்தர் மாயவரத்துக்காரரு, அங்கனயே ஏ.வி.சி. காலேஜுல வச்சு எடுத்தாங்க. பெரிய முகம்னு ஒருத்தரும் கெடையாது, அதனாலயே ஜனங்களுக்கு அது சினிமா மாதிரி தெரியல, நம்ம தெருவுல இருந்து காலேஜுக்கு போற பசங்க மாதிரி இருந்துச்சு.

நீங்க பாட்ட மனப்பாடமா வச்சிருக்கேன்னு சொல்றீங்க, ஒண்ணு கவனிச்சீங்களா, ஒரு பாட்டுல கூட பொம்பள குரல் கெடையாது. எஸ்.பி.பி, டி.எம்.எஸ், ஜெயச்சந்திரன், மலேசியா வாசுதேவன், ஜாலி ஆபிரகாம், அம்புட்டும் ஆம்பளைங்க. அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் வாயத் திறந்து சொல்லாத காதல், அதனால அவளுக்கு பாட்டே கெடையாதுன்னு ராஜேந்தர் பேனாவ எடுக்கும்போதே முடிவு பண்ணிருக்காரு, அத நெனச்சா இன்னிக்கும் எனக்கு புல்லரிக்கும். ஆனா நடிகர் பக்கம் நின்னு பாத்தா அதுல ஒரு சங்கடம் இருக்கு. சோகப் பாட்டுக்கே எஸ்.பி.பி ஒரு குரல், டி.எம்.எஸ் ஒரு குரல், ஜெயச்சந்திரன் ஒரு குரல். சங்கர்னா இந்தக் குரல்னு காதுல ஒட்டவே இல்ல. பாட்டு ரேடியோவுல தனியா நடமாட ஆரம்பிச்சிருச்சு, பாவம் அந்தப் பையன் முகம் தியேட்டர்லயே நின்னு போச்சு.

சந்திரசேகர் கதை வேற. அவரு ஹீரோவா தான் நடிப்பேன்னு ஒக்காரல. அதே 1980 கடைசியில பாரதிராஜாவோட நிழல்கள், அடுத்த வருஷம் பாலைவனச் சோலை, சிவப்பு மல்லியில விஜயகாந்த் கூட, 86ல சம்சாரம் அது மின்சாரம். நண்பனா, தம்பியா, கோவக்காரத் தொழிலாளியா எது குடுத்தாலும் அதுல நின்னாரு. 2002ல நண்பா நண்பா படத்துக்கு சிறந்த துணை நடிகர்னு தேசிய விருது வாங்குனாரு, இது நெறைய பேருக்கு தெரியாது, ஏன்னா அந்தப் படத்த பாத்தவங்களே கம்மி. தி.மு.க.வுல ரொம்ப வருஷமா இருக்காரு, 2016ல வேளச்சேரி எம்.எல்.ஏ. ஆனாரு, 2021ல இயல் இசை நாடக மன்றத்துக்கு தலைவரா போட்டாங்க. வாகை சந்திரசேகர்னு பேப்பர்ல பாத்திருப்பீங்களே, அவரே தான்.


கூடலூர் தேயிலை:

வேன்காரரே வணக்கம், நான் நீலகிரி கூடலூர். எங்க ஊரு ஒரு பக்கம் வயநாடு, ஒரு பக்கம் நிலம்பூர், அதனால சின்ன வயசுல இருந்து வீட்டு கேபிள்ல பாதி சேனல் மலையாளம் தான் ஓடும். சங்கர் காணாமப் போயிட்டாருன்னு நம்ம ஆளுங்க பேசுறப்ப எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும், மனுசன் காணாமலாம் போகல, செக்போஸ்ட்ட தாண்டி அந்தப் பக்கம் பெரிய ஆளா இருந்தாரு.

ஒருதலை ராகம் மே மாசம் வந்துச்சுன்னா அதே வருஷம் கிறிஸ்துமஸுக்கு மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்கள். டைரக்டர் ஃபாசிலுக்கு முதல் படம், ஜெர்ரி அமல்தேவுக்கு இசையமைப்பாளரா முதல் படம், மோகன்லாலுக்கு ரிலீஸ் ஆன முதல் படம், அப்ப அவருக்கு இருபது வயசு தான். உங்க கொடைக்கானல்லயே எடுத்தது. அந்த ஹீரோயின் பூர்ணிமா ஜெயராம், நம்ம பூர்ணிமா பாக்யராஜ், அந்தப் படத்துக்கே கேரள அரசோட சிறந்த நடிகை விருது அவங்களுக்கு. இந்தக் கூட்டத்துல அன்னிக்கு மார்க்கெட் உள்ள ஒரே ஆளு சங்கர் தான், அதுவும் ஒருதலை ராகத்தால வந்த மார்க்கெட். அத கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரே வருஷத்துல ரெண்டு மொழியில ரெண்டு பாட்டு படம், ரெண்டும் ஹிட்டு, ரெண்டுலயும் அவரே ஹீரோ, இப்படி எத்தன பேருக்கு அமையும்?

அப்புறம் நாலஞ்சு வருஷம் அங்க அவரு கொடி தான். சங்கர் மேனகா ஜோடின்னா கேரளாவுல குடும்பத்தோட தியேட்டருக்கு போவாங்க. மேனகான்னா நம்ம கீர்த்தி சுரேஷோட அம்மா, தமிழ் பொண்ணு தான். 82ல படயோட்டம், இந்தியாவுலயே செஞ்ச முதல் 70 எம்எம் படம்னு சொல்லுவாங்க, அதுல பிரேம் நசீர், மம்முட்டி, மோகன்லால் கூட இவரும் இருப்பாரு. 84ல பிரியதர்சன் டைரக்டரான முதல் படம் பூச்சக்கொரு மூக்குத்தி, அதுலயும் இவரும் மோகன்லாலும் சேந்து தான். ஆனா அந்தப் படத்த இப்ப போட்டு பாத்தீங்கன்னா ஒண்ணு கண்ணுல படும். மோகன்லால் ஒவ்வொரு படத்துலயும் புதுசா ஒண்ணு புடிச்சுக்கிட்டே வர்றாரு, வில்லன், காமெடி, ரவுடி, கடைசியில ஹீரோ. சங்கருக்கு எழுதுறவங்க மட்டும் அதே நல்ல பையன், அதே தாடி, அதே காதல், அதே அழுகைன்னு எழுதிக்கிட்டே இருந்தாங்க. 86ல சுகமோ தேவி வர்றப்ப தராசு முழுசா மாறிருச்சு. திறமை இல்லாம இல்ல, மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்கள்ல அவரு பேசாம நிக்கிற இடமெல்லாம் பாருங்க. ரெண்டு பெரிய ஹிட்டு ஒரே மாதிரி அமைஞ்சதே அவருக்கு கட்டு போட்ட மாதிரி ஆயிருச்சு.

பெறகு டைரக்சன் பக்கம் வந்தாரு, 2015ல மணல் நகரம்னு ஒரு படம், துபாய் பின்னணி. முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சும் நம்ம பக்கம் பேப்பர்ல ஒருதலை ராகம் சங்கர்னு தான் போட்டாங்க.

வில்லன் யாருன்னு கேட்டீங்களே, அவரு ரவீந்திரன். கேரளாவுல டிஸ்கோ ரவீந்திரன்னு சொன்னா சின்னப் புள்ளைக்கும் தெரியும், ஆட்டம் அப்படி. தமிழ்ல சகலகலா வல்லவன்ல கமல் கூட இருப்பாரு. இன்னும் நடிக்கிறாரு, 2013ல இடுக்கி கோல்டுன்னு ஒரு படம், அஞ்சு பழைய கூட்டாளிங்க கதை, அதுல ஒருத்தர் இவரு, இன்னொருத்தர் பிரதாப் போத்தன். மலைய புடிச்சவங்க எல்லாரும் பாக்கணும்.


பண்ணைக்காடு அக்கா:

ஆம்பளைங்க எல்லாம் சங்கர், சந்திரசேகர்னே பேசிட்டு போறீங்க, அந்தப் பொண்ணப் பத்தி ஒரு வரி தானா? நான் பண்ணைக்காடு, ஸ்கூல் படிக்கிறப்ப வத்தலக்குண்டுக்கு எறங்கிப் போயி பாத்த படம் இது. எங்க சித்தி, பக்கத்து வீட்டு அக்காங்க எல்லாம் சேந்து காபி தோட்டத்து வேலைய முடிச்சுட்டு மத்தியான பஸ்ஸ புடிச்சு போனோம். தியேட்டர்ல பொம்பளைங்க பக்கம் பூரா அழுகை. சங்கர் சாவுறதுக்கு அழுகல தம்பி, அந்தப் பொண்ணு சொல்லாம போச்சேன்னு அழுதாங்க. ஏன்னா அங்க ஒக்காந்திருந்த பாதி பேரு சொல்லாம போனவங்க தான்.

ரூபாவுக்கு அதுல வசனம் ரொம்ப கம்மி, பாட்டும் இல்ல, டான்ஸும் இல்ல. தலைய கொஞ்சம் குனிஞ்சு கண்ண மட்டும் தூக்கி பாத்துட்டு உடனே எறக்கிக்குவாங்க, அவ்வளவு தான் நடிப்பு, ஆனா அதுல அத்தன பயமும் ஆசையும் இருக்கும். வீட்டுக்கு பயந்த பொண்ணு எப்படி நடக்கும், எப்படி புஸ்தகத்த புடிக்கும்னு எங்களுக்கு தெரியும்ல, ஒரு எடத்துல கூட பொய்யா தெரியல. அப்படி ஒரு வேஷம் பண்ணுனவங்களுக்கு அதுக்கு சமமா இன்னொண்ணு தமிழ்ல யாரும் எழுதிக் குடுக்கல. அத அவங்க தோல்வின்னு சொல்ல நான் ஒத்துக்க மாட்டேன். பொம்பள பேசாம நடிச்சா அது நடிப்புன்னே அன்னிக்கு யாரும் கணக்குல எடுக்கல.

இன்னொருத்தர விட்டுட்டீங்க. உஷா. அந்தப் படத்துல நடிச்சவங்க தான், ராஜேந்தர் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, சிம்புவோட அம்மா. பெறகு நடிப்ப விட்டுட்டு குடும்பத்தையும் படக் கம்பெனியையும் பாத்துக்கிட்டாங்க. உயிருள்ளவரை உஷான்னு 83ல ராஜேந்தர் படம் எடுத்தாரே, பேர பாத்தாலே தெரியும்ல. அதுல ஹீரோயின் நளினி, அவங்களுக்கு அது பெரிய தொடக்கம்.


குன்னூர் நைட் ஷிப்ட்:

படிச்சுக்கிட்டே வந்தேன், எல்லாரும் நல்லா எழுதிருக்கீங்க. ஆனா திண்டுக்கல் அண்ணன் சொன்ன ஒரு விசயத்துல எனக்கு உடன்பாடு இல்ல. பாட்டு பெருசா ஆனா நடிகன் முகம் நிக்காதுன்னா மைக் மோகன் எப்படி நின்னாரு? 82ல பயணங்கள் முடிவதில்லை, அதுவும் பாட்டு படம் தான், அதுலயும் ஹீரோ ஏறக்குறைய புது ஆளு தான். கோகிலா, மூடுபனி, நெஞ்சத்தைக் கிள்ளாதேன்னு ஏற்கனவே படங்கள் இருந்துச்சு, ஆனா வீட்டுக்கு வீடு தெரிஞ்சது பயணங்கள்ல தான். மோகனுக்கு சொந்தக் குரல் கூட கெடையாது, பேசுறது எஸ்.என். சுரேந்தர், பாடுறது எஸ்.பி.பி. சங்கர விட அவரு தான் காணாமப் போயிருக்கணும்.

எனக்கு தோணுறது வேற. பாட்டு பண்ணுனவங்க கூட்டிட்டு போனாங்களா இல்லையாங்கறது தான் விசயம். மோகனுக்கு பயணங்கள் எடுத்த கோவைத்தம்பியே அடுத்தடுத்து இளமைக் காலங்கள், நான் பாடும் பாடல், உதய கீதம், இதயக் கோவில்னு எடுத்தாரு, எல்லாத்துக்கும் இளையராஜா. வருஷத்துக்கு ஒரு தடவ அதே முகம், அதே மைக்கு, அதே எஸ்.பி.பி. நீங்க சொல்ற மாதிரி குரலும் முகமும் ஒட்டிக்கிச்சு அண்ணே, ஆனா ஒரே படத்துல ஒட்டல, நாலஞ்சு படத்துல ஒட்டுச்சு.

சங்கருக்கு அது நடக்கல. ராஜேந்தர் 81ல ரயில் பயணங்களில் எடுத்தப்ப ஹீரோ ஸ்ரீநாத், ஹீரோயின் ஜோதி, கூட ராஜீவ். ஒவ்வொரு படத்துக்கும் புது ஆளு தேடுனாரு, பெறகு தானே நடிக்க ஆரம்பிச்சுட்டாரு. அந்தப் பாட்டுக்கு இனி அந்த முகம் வராதுன்னு ஆயிருச்சு. புது முகம் கண்டுபுடிக்கிறதுல அவரு கெட்டி, 86ல மைதிலி என்னை காதலியில அமலாவ கொண்டு வந்ததும் அவரு தான், அதுல குத்தம் சொல்ல நான் வரல. ஆனா முதல் படத்துல கூட நின்ன பையனுக்கு அதே மாதிரி இன்னும் ரெண்டு படம் பாட்டு போட்டிருந்தா தமிழ்ல அவரு ரூட்டே வேறயா இருந்திருக்கும்னு நான் உறுதியா நம்புறேன்.


திண்டுக்கல் பழம்பாட்டு:

குன்னூர் தம்பி, நீங்க சொன்னது யோசிக்க வைக்குது, அதுக்கு அந்தப் படத்துக்குள்ளயே ஒரு சாட்சி இருக்கு. ஒருதலை ராகத்துக்கு கேமரா ராபர்ட் ராஜசேகர், ரெண்டு பேரு. அடுத்த வருஷமே அவங்க டைரக்டரா பாலைவனச் சோலை எடுத்தாங்க. அதுல யாரு? சந்திரசேகர், தியாகு ரெண்டு பேரும் ஒருதலை ராகத்துல இருந்து அப்படியே வந்தாங்க, கூட ஜனகராஜ், ராஜீவ், சுகாசினி. ராஜீவும் ரயில் பயணங்கள்ல இருந்து வந்தவரு தானே. கேமராவுக்குப் பின்னாடி நின்னு இந்தப் பசங்க மூஞ்சிய தெனம் பாத்தவங்க, யாருகிட்ட என்ன இருக்குன்னு அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு. சந்திரசேகர் நின்னதுக்கு அவரு நடிப்பு ஒரு காரணம்னா அந்த ரெண்டு பேரும் இன்னொரு காரணம். ஹீரோவ அப்படி கைய புடிச்சு கூட்டிட்டு போக நம்ம ஊர்ல ஆளு இல்ல, கேரளாவுல ஃபாசில் இருந்தாரு.


கோடை வேன்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இம்புட்டு வரும்னு நான் எதிர்பாக்கல. பண்ணைக்காடு அக்கா எழுதுனத எங்க அம்மாவுக்கு வாசிச்சு காட்டுனேன், அவங்களும் அதையே தான் சொல்றாங்க, அந்தப் பொண்ணு கண்ணு தான் படம்னு. இன்னும் ஒரே ஒரு சந்தேகம், பூர்ணிமா மேடம் மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்களுக்கு அப்புறம் தான் தமிழுக்கு வந்தாங்களா? பயணங்கள் முடிவதில்லை ஹீரோயினும் அவங்க தானே, அப்ப சங்கர் கூடவும் மோகன் கூடவும் ரெண்டு பெரிய பாட்டு படத்துல அவங்க இருந்திருக்காங்க.


கூடலூர் தேயிலை:

ஆமா, தமிழ்ல பேரு வந்தது அதுக்கப்புறம் தான். 82ல பயணங்கள், அதே வருஷம் பாக்யராஜோட டார்லிங் டார்லிங் டார்லிங், 84ல கல்யாணம். அம்புட்டு சீக்கிரம் நிறுத்திட்டாங்க. மோகன்லால், சங்கர், மோகன் மூணு பேரோட தொடக்கத்துலயும் அவங்க பக்கத்துல நின்னிருக்காங்க, அந்த மூணுக்கும் ரசிகர்கள் உண்டு, அவங்கள பத்தி யாரும் தனியா ஒரு பக்கம் எழுதல. அக்கா சொன்ன மாதிரி தான்.

வேன்ல வர்ற கேரளா ஆளுங்க கிட்ட நீங்க ஒருதலை ராகம் சொல்லுங்க, அவங்க பாதி பேருக்கு சங்கருக்கு தமிழ்ல இப்படி ஒரு ஹிட்டு இருக்குன்னே தெரியாது. ஜெயச்சந்திரன் பாடுன கடவுள் வாழும் கோவிலிலே போட்டுக் காட்டுங்க, அந்தக் குரல் அவங்களுக்கு வீட்டு ஆளு மாதிரி, உடனே புடிச்சுக்குவாங்க.


பண்ணைக்காடு அக்கா:

தம்பி, பாலைவனச் சோலை நீங்க பாக்கலன்னா முதல்ல அத பாருங்க. வாணி ஜெயராம் பாடுன மேகமே மேகமே அதுல தான். இந்தத் தடவ பொண்ணுக்கு பாட்டு குடுத்திருக்காங்க.